வீட்டுத் தறியும் தொழிற்சங்கமும்



தொழிற்சங்கம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண்முன் எழும் காட்சி யாது? பெரியதோர் ஆலை; அதன் உயர்ந்த இரும்பு வாயில்; சங்கு ஊதியதும் வெளியே வரும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்; வாயிலருகே ஒரு கொடிக்கம்பம்; அதனடியில் நின்று முழங்கும் தலைவர். பாடநூல்களும் திரைப்படங்களும் இக்காட்சியையே நமக்குப் பழக்கியிருக்கின்றன. இது பொய்க்காட்சி அன்று. ஆயினும் நம் நாட்டில் உழைத்து வாழ்வோருள் மிகச் சிலருக்கே இது பொருந்தும். அவர்களை நூறு பேராகக் கொண்டால், ஏறத்தாழத் தொண்ணூறு பேருக்கு ஆலை வாயிலும் இல்லை, நியமன ஆணையும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. கட்டட வேலையில் கல் சுமக்கும் சித்தாள், சந்தையில் மூட்டை தூக்குவோர், பிறர் வீட்டில் பாத்திரம் துலக்குவோர், திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்டிர், தெருவோரத்தில் கூடை வைத்து விற்போர், வீட்டுத் தறியில் பட்டு நெய்வோர் ஆகிய அனைவரும் இக்கூட்டத்தினரே. இவர்கள் சங்கம் அமைக்க இயலுமா? இயலுமாயின் யாரிடம், எதைக் கேட்பது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இப்பொருளைப் பற்றிப் பேச எனக்குள்ள உரிமை ஒன்றே. நான் வெம்பாக்கத்தில் வாழ்பவன். ஒரு புறம் காஞ்சியும் மறுபுறம் ஆரணியும் இருக்க, பட்டு நெசவை நம்பி வாழும் குடும்பங்கள் மிக்க வட்டாரம் இது. இவ்வட்டாரத்துப் பள்ளிகளில் பல்லாண்டு ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்தேன். தறியின் ஓசை கேட்காத தெரு வழியாக நான் பள்ளிக்குச் சென்ற நாள்கள் மிகச் சில.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். சட்டப்படி நியமனமும், விடுமுறையும், சேமநல நிதியும், ஓய்வுக்கால உதவியும் பெறும் தொழிலாளரை 'அமைப்புசார்ந்த தொழிலாளர்' என்கிறோம். இவை யாவும் இன்றி உழைப்போரை 'அமைப்புசாராத் தொழிலாளர்' என்கிறோம். உலகின் அறிஞர்கள் இவர்களைத் தனியே கவனிக்கத் தொடங்கியது 1970களின் தொடக்கத்தில்தான். கானா நாட்டின் தலைநகராகிய அக்ராவில் ஏழைகளிடையே தங்கி ஆராய்ந்த கீத் ஹார்ட் என்னும் மானிடவியலார், வேலையற்றோர் என்று அரசுக் கணக்குகள் ஒதுக்கியவர்கள் விடியல் முதல் இரவு வரை ஓயாது உழைப்பதைக் கண்டார். அவர்களிடம் வேலை இருந்தது. அவ்வேலை எவருடைய ஏட்டிலும் பதிவாகவில்லை. 1972ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கென்யாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கை இக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. அவ்வமைப்பு 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் 200 கோடி மக்கள், அதாவது உழைப்போரில் நூற்றுக்கு 61 பேர், இவ்வகையினர். இந்தியாவில் 2004ஆம் ஆண்டில் அர்ஜுன் சென்குப்தா தலைமையில் அமைந்த தேசிய ஆணையம், நம் நாட்டில் இவ்வளவு நூற்றுக்குத் தொண்ணூற்றையும் கடந்து நிற்பதை எடுத்துக்காட்டியது.

இனி, சங்கம் என்பது நம் மண்ணில் எவ்வாறு தோன்றியது என்று பார்ப்போம். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் 'சென்னைத் தொழிலாளர் சங்கம்' பிறந்தது. பெரம்பூரிலிருந்த பக்கிங்காம், கர்னாட்டிக் என்னும் துணியாலைகளின் தொழிலாளரே அதன் உறுப்பினர். பி. பி. வாடியா தலைவரானார். திரு. வி. கலியாணசுந்தரனார், செல்வபதி செட்டியார், இராமாநுசலு நாயுடு ஆகியோர் அதனைக் கட்டி வளர்த்தனர். முறையாக அமைந்த இந்தியத் தொழிற்சங்கங்களுள் இதுவே முதலாவது என்று வரலாற்றாசிரியர் பலர் குறிப்பர். அத்தொழிலாளர் முன்வைத்த குறைகளைக் கேட்டால் இன்றைய மாணவர் வியப்புறுவர். நண்பகல் உணவிற்கு விடப்பட்ட நேரம் போதவில்லை என்பது அவற்றுள் ஒன்று. சோறு உண்ணச் சில நிமிடங்கள் வேண்டும் என்று கேட்பதற்கே ஒரு சங்கம் தேவைப்பட்டது.

இரண்டாண்டுகளில் கதவடைப்பும் வேலைநிறுத்தமும் நிகழ்ந்தன. நிருவாகம் வாடியா முதலியோர்மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து தடையாணை பெற்றது. தொழிலாளரை ஒன்றுசேர்ப்பவர் இழப்பீடு செலுத்த நேரும் என்னும் அச்சம் நாடெங்கும் பரவியது. அப்பொழுது சங்கங்களைப் பாதுகாக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. அதன் தேவையை என். எம். ஜோஷி 1921ஆம் ஆண்டில் மத்தியச் சட்டமன்றத்தில் வலியுறுத்தினார். அதன் பயனாக 1926ஆம் ஆண்டில் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஏழு பேர் கையொப்பமிட்டு ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம் என்று அச்சட்டம் கூறியது.

மாணவர்களே, அச்சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. தொழிற்சங்கம் என்பது யாது என்று வரையறுக்கும் இடத்தில், தொழிலாளர்க்கும் முதலாளிக்கும் உள்ள உறவை ஒழுங்குபடுத்துவது என்பதோடு அது நின்றுவிடவில்லை. தொழிலாளர்க்கும் தொழிலாளர்க்கும் இடையேயுள்ள உறவை ஒழுங்குபடுத்துவதும் சங்கத்தின் நோக்கமாகலாம் என்று அது சேர்த்துக் கூறியது. இச்சிறு தொடரை நினைவில் வையுங்கள். அகமதாபாத் நகரத்து ஏழைப் பெண்களின் கதைக்கு வரும்போது இது நமக்குப் பயன்படும்.

பெரம்பூரில் சங்கம் அமைந்ததற்கு மூன்று வாய்ப்புகள் துணைநின்றன. ஒன்று, முதலாளி யாரென்பதில் ஐயமில்லை. இரண்டு, தொழிலாளர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் நாள்தோறும் ஒருவரையொருவர் கண்டனர். மூன்று, அவர்கள் வேலையை நிறுத்தினால் ஆலையின் எந்திரமும் நின்றது. இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு நம் பட்டு நெசவாளியின் வீட்டிற்குள் நுழைந்து பார்ப்போம்.

சாயமேற்றிய பட்டு நூலையும் ஜரிகையையும் பட்டு முதலாளி எடை போட்டுக் கொடுக்கிறார். கச்சாப் பட்டு பெரும்பாலும் கருநாடகத்திலிருந்தும், ஜரிகை சூரத்திலிருந்தும் வருபவை. நெசவாளியின் குடும்பம் பாவைத் தறியில் ஏற்றி, தார் சுற்றி, சேலையை நெய்து திரும்பக் கொடுக்கிறது. கரையும் உடலும் வெவ்வேறு நிறமாய் அமையும் கோர்வைச் சேலையானால் ஒருவரால் நெய்தல் அரிது. தறியில் ஒருவர் அமர, அருகில் மற்றொருவர் இருந்து நாடாவை வாங்கித் திருப்பி வீச வேண்டும். அம்மற்றொருவர் பெரும்பாலும் மனைவி. சில வீடுகளில் மகள். சேலை ஒப்படைக்கப்பட்டதும் கூலி கணக்கிடப்படும். நாளுக்கு இவ்வளவு என்று இக்கூலி அமைவதில்லை. சேலைக்கு இவ்வளவு என்றே அமைகிறது.

இப்பொழுது சொல்லுங்கள்: இந்நெசவாளி தொழிலாளியா, முதலாளியா? நூல் அவருடையதன்று, சேலையும் அவருடையதன்று. ஆனால் தறி அவருடையது. வீடும், விளக்கும், மின்கட்டணமும் அவருடையவை. மழைக்காலத்தில் குழித்தறியில் நீர் ஊறித் தொழில் நின்றால் அவ்விழப்பும் அவருடையதே. பள்ளியில் மாணவர் சேர்க்கைப் பதிவேட்டில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கும். ஒரே தெருவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளுக்கு அக்கட்டத்தில் 'நெசவு', 'கூலி', 'சொந்தத் தொழில்' என்று மூன்று வகையாக எழுதப்பட்டிருப்பதை நான் பன்முறை கண்டதுண்டு. மூன்று தந்தையரும் செய்தது ஒரே வேலை. எவரும் பொய் சொல்லவில்லை. தாம் யார் என்பதை அத்தொழிலே அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. தாயின் தொழில் என்னும் கட்டத்தில் பெரும்பாலும் 'இல்லத்தரசி' என்றே இருக்கும். நாளெல்லாம் நாடா வீசிய கைகளை அப்பதிவேடு அறியாது. 2019–20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 லட்சத்திற்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர் இருப்பதையும், அவர்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள் என்பதையும் காட்டுகிறது. இவ்விரண்டாம் எண்ணை நம் தெருக்களின் பதிவேடுகளோடு ஒப்பிட்டால், பதியப்படாத உழைப்பின் அளவு புலனாகும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். இதிலுள்ள எண்கள் விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் வீட்டு எண்களை இவற்றிற்கு மாற்றாக இட்டுக்கொள்ளுங்கள். ஒரு சேலைக்குக் கூலி 8000 ரூபாய் என்று கொள்வோம். தார் சுற்றவும், பாவு பிணைக்கவும், பிற செலவுகளுக்கும் 1000 ரூபாய் போயிற்று. மீதி 7000. சேலை முடிய 14 நாள் ஆயிற்று. குடும்பத் தலைவர் 7000-ஐ 14-ஆல் வகுத்து, நாளொன்றுக்கு 500 ரூபாய் என்று மகிழ்வார். ஆனால் தறியில் உழைத்தவர் இருவர். ஆகவே 28 ஆள்நாளால் வகுக்க வேண்டும். அப்பொழுது ஒருவருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய்தான். வகுக்கும் எண்ணில் மனைவியைச் சேர்த்த அக்கணமே கூலி பாதியாகிவிட்டது. உண்மையில் அது முதலிலிருந்தே பாதிதான். எண்ணாததனால் முழுதாகத் தோன்றியது. உழைப்போரைச் சரியாக எண்ணினாலன்றிக் கூலியைச் சரியாகப் பேச இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பெரம்பூரின் மூன்று வாய்ப்புகளும் இங்கு இல்லை என்பது இப்பொழுது விளங்கும். முதலாளி யாரெனக் கேட்டால், நூல் கொடுத்தவரா, அவருக்கு வேலை தந்த பெருங்கடைக்காரரா, இடையில் நின்ற தரகரா என்று விடை பலவாகிறது. நெசவாளர் ஒரு கூரையின்கீழ்க் கூடுவதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் தனித்திருக்கின்றனர். அடுத்த வீட்டாருக்கு என்ன கூலி என்பதையே பலர் அறியார். வேலையை நிறுத்தினால் நிற்பது முதலாளியின் எந்திரமன்று, நெசவாளியின் தறியே. இவற்றோடு நான்காவதாக ஒரு தடையும் உண்டு. அதுதான் முன்பணம்.

தறி பழுதுபார்க்கவும், மகள் திருமணத்திற்கும், மருத்துவத்திற்கும் நெசவாளி முதலாளியிடம் முன்பணம் பெறுகிறார். அக்காசு இல்லையேல் குடும்பம் இன்னலுறும் என்பது உண்மை. ஆனால் அதைத் தீர்க்கும்வரை வேறொருவருக்கு நெய்ய முடியாத நிலை பல இடங்களில் ஏற்படுகிறது. கூலி குறைவென்று சொல்ல நா எழும்போது கடன் நினைவுக்கு வந்து நாவை அடக்கிவிடுகிறது. முன்பணத்தின் காரணமாக ஒருவர் தாம் விரும்பும் இடத்தில் வேலை செய்யும் உரிமையை இழப்பாராயின், அது கொத்தடிமை முறையின் ஓர் அடையாளம் என்று 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் கருதுகிறது. எல்லா முன்பணமும் அத்தகையது என்று நான் கூற வரவில்லை. எந்த எல்லையைத் தாண்டினால் உதவி தளையாகிறது என்பதைப் படித்த பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

இத்தனை தடைகளையும் கடந்து சங்கம் அமைத்தவர்கள் உண்டா? உண்டு. மூன்று வரலாறுகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது அகமதாபாத் நகரத்தது. தலைச்சுமை தூக்கியும், பழந்துணி வாங்கி விற்றும், காய்கறி விற்றும் வாழ்ந்த ஏழைப் பெண்கள், 1972ஆம் ஆண்டில் எலா பட் அம்மையாரின் துணையோடு ஒரு சங்கம் அமைத்துப் பதிவிற்கு விண்ணப்பித்தனர். சுயதொழில் மகளிர் சங்கம் என்பது அதன் பொருள். 'சேவா' என்பது அதன் சுருக்கப் பெயர். தொழிலாளர் துறையினர் ஒரு வினா எழுப்பினர்: உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துப் போராடச் சங்கம்? எலா பட் அளித்த விடை, நான் முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன தொடரைத் தழுவியது. ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டுமே சங்கம் அமைவதில்லை. தொழிலாளர் தம்முள் ஒன்றுபடுவதற்காகவும் அது அமையலாம் என்றார் அவர். சங்கம் பதிவாயிற்று. இரண்டாண்டு கழித்து, 1974ஆம் ஆண்டில், 4000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குத்தொகை இட்டுத் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கியையும் நிறுவினர். கடனுக்காக இன்னொருவர் கையை எதிர்பார்க்கும் நிலையைத் தளர்த்தினாலன்றி, கூலி பேசும் துணிவு வாராது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். நம் நெசவாளரின் முன்பணத்தை எண்ணிப் பார்ப்போர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். இன்று அச்சங்கத்தின் உறுப்பினர் இருபது லட்சத்திற்கும் மேற்பட்டோர்.

இரண்டாவது வரலாறு கேரளத்துக் கண்ணூரில் நிகழ்ந்தது. பீடித் தொழிலாளரைக் காக்க 1966ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒரு சட்டம் இயற்றியது. அது கேரளத்தில் நடைமுறைக்கு வந்தபோது, தனியார் முதலாளிகள் தம் தொழிற்கூடங்களை மூடினர். ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். சட்டம் வந்து வேலை போயிற்று என்று பலர் கூறியிருப்பர். தொழிலாளரோ 1969ஆம் ஆண்டில் அரசின் உதவியோடு 'தினேஷ் பீடி' என்னும் கூட்டுறவு நிறுவனத்தைத் தொடங்கினர். அந்நாட்டுப் பீடிக் கூடங்களில் ஓர் அழகிய வழக்கம் இருந்தது. எல்லோரும் பீடி சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். அவருடைய பங்கு வேலையை மற்றவர்கள் பகிர்ந்து செய்வர். அறிவும் ஒற்றுமையும் ஒருங்கே வளர்ந்த இடங்கள் அவை. பின்னாளில் பீடியின் விற்பனை குறைந்தபோது அந்நிறுவனம் உணவுப்பொருள் முதலிய பிற தொழில்களிலும் இறங்கியது.

மூன்றாவது நம் தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளரின் வரலாறு. இன்று ஒருவர் வீட்டில் வேலை, நாளை வேறொருவர் வீட்டில் வேலை என்னும் நிலையில், எந்த முதலாளியிடம் ஓய்வூதியம் கேட்பது? இவ்வினாவிற்குத் தமிழ்நாடு கண்ட விடை நல வாரியம். 1982ஆம் ஆண்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. அமைப்புகளின் நெடிய போராட்டத்திற்குப் பின், 1994ஆம் ஆண்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. 1996ஆம் ஆண்டில் மத்திய அரசும் கட்டுமானத் தொழிலாளர்க்கெனச் சட்டம் செய்தது. இதன் சூழ்ச்சி எளியது. ஆயினும் அறிவு மிக்கது. தனித்தனி முதலாளியைத் தேடி அலைவதற்கு மாற்றாக, கட்டட மதிப்பில் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவில் தீர்வை பெற்று, அதனை ஒரு பொது நிதியாக்குவது. அந்நிதியிலிருந்து பதிவு பெற்ற தொழிலாளர்க்கு விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, மகப்பேற்று உதவி, அறுபது வயதிற்குமேல் ஓய்வூதியம் ஆகியவற்றை வழங்குவது. முதலாளி ஒருவராக இல்லாவிடினும் தொழிலின் பயனை நுகர்வோர் அனைவரும் சேர்ந்து பொறுப்பேற்கலாம் என்பதே இதன் அடிப்படை.

இம்மூன்றையும் ஒருங்கு நோக்கினால் ஒரு பொதுமை புலனாகும். ஒவ்வொன்றிலும் முதற்படி, உழைப்போரின் பெயரை ஓர் ஏட்டில் எழுதியது. பெயர் எழுதப்பட்ட பின்னரே எண்ணிக்கை தெரிந்தது. எண்ணிக்கை தெரிந்த பின்னரே கேட்கும் வலிமை பிறந்தது. ஆலைத் தொழிலாளிக்கு வருகைப் பதிவேடு செய்த தொண்டை, வீட்டுத் தொழிலாளிக்குச் சங்கத்தின் உறுப்பினர் ஏடு செய்கிறது.

நெசவாளரிடையே இவ்வழிகள் புதியன அல்ல. கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் அறியும் தலைமைக் கூட்டுறவுச் சங்கம் 1935ஆம் ஆண்டிலேயே தோன்றியது. காஞ்சியிலும் ஆரணியிலும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் நெடுநாளாக உள்ளன. நூல் தருவதும், கூலியை வெளிப்படையாக வகுத்துத் தருவதும், சேலையை விற்பதும் அவற்றின் பணி. சங்கம் தரும் கூலி ஊரறிய இருக்குமாயின், தனியார் முதலாளியும் அதற்கு மிகவும் குறைத்துத் தர நாணுவார். ஆனால் கூட்டுறவிற்கு வெளியே நெய்வோர் பலர். உள்ளே இருப்போருக்கும் விற்பனை தேங்கும்போது வேலை குறைகிறது. கைத்தறி மற்றும் கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர்க்கெனத் தனி நல வாரியமும் தமிழ்நாட்டில் உண்டு. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் பொருட்டு ஊரடங்கு வந்தபோது, நல வாரியங்களில் பதிந்திருந்த தொழிலாளர் பலருக்கு அரசு 1000 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. தொகை பெரிதன்று. எனினும் பெயர் பதிந்தவர்க்கு வந்தது. பதியாதவர்க்கு அவ்வழியாக வரவில்லை. அப்பொழுது நம் தெருக்களில் தறிகள் ஓய்ந்து கிடந்தன என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

இங்கு ஒரு மறுப்பையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ஓர் ஊரில் நெசவாளர் ஒன்றுகூடிக் கூலியை உயர்த்தினால், முதலாளி பாவை அடுத்த ஊருக்குக் கொண்டுசெல்ல மாட்டாரா? கைத்தறியைக் கைவிட்டு விசைத்தறிக்கு மாறமாட்டாரா? இவ்வச்சம் வீணானதன்று. கண்ணூரில் தொழிற்கூடங்கள் மூடப்பட்டதை முன்னர்க் கண்டோம். ஆலையை எளிதில் பெயர்த்துச் செல்ல இயலாது. பாவையோ ஓர் இரு சக்கர வண்டியில் வைத்துக்கொண்டு போய்விடலாம். ஆகவே, ஒரு தெருவின் சங்கம் போதாது. காஞ்சி முதல் ஆரணி வரை, பாவு செல்லும் வழியெல்லாம் கூலி விவரமும் செல்ல வேண்டும். அவ்வூர்க்காரர் நம் வேலையைப் பறிப்பவர் என்னும் எண்ணம் மாறி, அவரும் நம்மவரே என்னும் எண்ணம் வேரூன்ற வேண்டும். தொழிலாளர்க்கும் தொழிலாளர்க்கும் உள்ள உறவை ஒழுங்குபடுத்துதல் என்று சட்டம் கூறியதன் பொருள் இதுவே. இன்னொன்றும் சொல்வேன். கூலி உயர்ந்தால் தொழில் அழியும் என்பர் சிலர். கூலி குறைந்த காரணத்தால் தொழில் அழிவதையும் நாம் கண்முன் காண்கிறோம். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று செய்யாறு தொழிற்பேட்டையின் காலணி ஆலைகளுக்கும், திருப்பெரும்புதூர் ஆலைகளுக்கும் செல்கின்றனர். அங்கே மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. தறியில் அமரும் இளைஞர் குறைந்தால், நூலும் ஜரிகையும் வைத்திருப்போர் மட்டும் என்ன செய்ய இயலும்?

அமைப்புசாராத் தொழில் என்பது பழைய தொழில்களோடு முடிந்துவிடும் என்று எண்ணாதீர்கள். கைப்பேசியின் கட்டளைப்படி வீடுதோறும் உணவு கொண்டுவரும் இளைஞரைப் பாருங்கள். வண்டி அவருடையது, எரிபொருளும் அவருடையது, ஒவ்வொரு பொட்டலத்திற்கும் இவ்வளவு என்பது கூலி. அவர் பணியாளர் அல்லர், 'கூட்டாளி' என்று நிறுவனங்கள் கூறுகின்றன. தறி நம்முடையது, கூலி சேலைக்கு இவ்வளவு என்னும் பழைய ஏற்பாட்டிற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை. தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டில் இவர்களுக்கென ஒரு நல வாரியம் அமைத்தது. மத்திய அரசு 2021ஆம் ஆண்டில் தொடங்கிய 'இ-ஷ்ரம்' பதிவேட்டில் முப்பது கோடிக்கும் மேற்பட்ட அமைப்புசாராத் தொழிலாளர் பதிந்துள்ளனர்.

பட்டுச் சேலையை நெய்பவரோடு அதனை விற்பவரையும் எண்ணுங்கள். பெருங்கடைகளில் நாள் முழுதும் நின்றே சேலை விரித்துக் காட்டும் பெண்களுக்கு உட்கார இருக்கை இல்லாதிருந்தது. கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் ஒன்றுகூடிப் போராடியதன் பயனாக, 2018ஆம் ஆண்டில் கேரளமும், அதன்பின் 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடும் அவர்களுக்கு இருக்கை தருவதைச் சட்டமாக்கின. நூறாண்டுக்கு முன்பு பெரம்பூரில் உண்பதற்கு நேரம் கேட்டதையும், நம் காலத்தில் உட்காருவதற்கு இடம் கேட்டதையும் சேர்த்துப் பாருங்கள். தொழிற்சங்கம் கேட்பவை பல நேரங்களில் இத்தகைய எளிய மனிதத் தேவைகளே.

சட்டம் மாறியிருப்பதையும் நீங்கள் அறிய வேண்டும். தொழிலாளர் சட்டங்கள் பல தொகுக்கப்பட்டு, நான்கு சட்டத்தொகுப்புகளாக 2025ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. 1926ஆம் ஆண்டின் சட்டம் அவற்றுள் ஒன்றில் அடங்கியது. ஏழு பேர் விண்ணப்பிக்கலாம் என்பதும், தொழிலாளர்க்கும் தொழிலாளர்க்கும் உள்ள உறவு என்னும் தொடரும் புதிய தொகுப்பிலும் உள்ளன. வேலைநிறுத்தத்திற்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது போன்ற விதிகளைத் தொழிற்சங்கங்கள் பல எதிர்க்கின்றன. இவ்விரு பக்கத்து வாதங்களையும் கல்லூரி மாணவர் படித்துத் தாமே முடிவு காண முயல வேண்டும்.

முடிவாக, ஆசிரியனுக்குரிய வழக்கப்படி உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். இதற்கு மதிப்பெண் இல்லை. உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஒரு சேலை நெய்து முடிவதற்குள் அதில் கை வைத்தோர் எத்தனை பேர் என்று எழுதுங்கள். தார் சுற்றிய பாட்டியையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவரும் உழைத்த நாள்களைக் கூட்டி, கிடைத்த கூலியை அதனால் வகுத்துப் பாருங்கள். முன்பணம் எவ்வளவு, தீர்ந்தது எவ்வளவு என்பதற்குத் தனிக் கணக்கு ஒன்று வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையேல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நீங்களே தொடங்குங்கள். பின்னர், அப்பெயர்களுள் எவரெவர் நல வாரியத்தில் பதிந்துள்ளனர், எவரெவர் பதியவில்லை என்று விசாரியுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாத பெரியவர்க்கு எழுதிக் கொடுங்கள். குறிப்பாக, அம்மாவின் பெயரை எழுதும்போது தொழில் என்னும் கட்டத்தில் 'நெசவு' என்றே எழுதுங்கள்.